காதர் இக்கா வீட்டுச் சுலைமானி

போன மாதம் மட்டாஞ்சேரி படகுத்துறையில் ஜின்ஸியைப் பார்த்தேன். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மிஷன் ஆஸ்பத்திரியின் வீட்டு மருத்துவப் பிரிவில் இப்போது நர்ஸாக இருக்கிறாள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீட்டுக்கே போய், குளிப்பாட்டி, புண்ணுக்குக் கட்டுப் போட்டு, மருந்து கொடுத்துவிட்டு வருவதுதான் அந்தப் பிரிவின் வேலை. ஜின்ஸியின் தோளில் பை, கையில் போன். போனில் எதையோ தேடிக்கொண்டே பேசினாள்.

"பிரதர், இப்ப ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு போட்டோ எடுத்து குரூப்ல போடணும். உங்க காலத்துல போட்டோ இல்லாம, நீங்க வீட்டுக்குப் போனது எப்படித் தெரியும்?"

ஆண் நர்ஸை ஆஸ்பத்திரியில் பிரதர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் நான் பிரதர்தான்.

"போன வீட்டுக்காரங்களுக்குத் தெரியும் மோளே," என்றேன்.

அவள் சிரித்தாள். படகு வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டாள். நான் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஆனால் அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் பாதிதான். மீதியை எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஊழியத்தில் தாழ்மை என்ற தலைப்பில் பேச எங்கள் சபையில் என்னை இரண்டு மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். நான் போனதில்லை. மைக்கைப் பிடித்து என் தாழ்மையைப் பற்றி நானே எப்படிப் பேசுவது? ஆனால் இன்னொருவரிடம் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்ல எனக்கு எந்தத் தயக்கமும் கிடையாது. அவர் டாக்டர் சாராம்மா. எங்கள் பிரிவைத் தொடங்கியவர்.

நான் நாகர்கோவில் பக்கத்துக்காரன். ஆண்பிள்ளை நர்ஸிங் படிக்கப் போகிறான் என்று ஊரில் சிரித்தார்கள். படித்து முடித்ததும், கொச்சித் துறைமுகத்தில் வேலை பார்த்த சித்தப்பா என்னை இங்கே கூட்டிவந்தார். மிஷன் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் சேர்ந்தேன். மலையாளம் சீக்கிரமே வாய்க்கு வந்துவிட்டது. கல்யாணம், இரண்டு பெண் குழந்தைகள், மட்டாஞ்சேரியிலேயே ஒரு வாடகை வீடு. அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. எல்லா நர்ஸும் கற்றுக்கொள்வதைத்தான் நானும் கற்றுக்கொண்டேன்.

வார்டிலிருந்து நல்லபடியாக அனுப்பிவைத்தவர்கள் இரண்டு மாதத்தில் முதுகெல்லாம் படுக்கைப் புண்ணோடு திரும்பி வருவதைப் பார்த்துப் பார்த்து டாக்டரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு பழைய ஜீப்பைக் கேட்டு வாங்கினார். மூன்று நர்ஸுகளைத் தேர்ந்தெடுத்தார். அதில் நான் ஒருவன்.

தாழ்மையானவர் என்று சொன்னதும் மெல்லப் பேசி, குனிந்து நடக்கிற ஒரு பெண்மணியை யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். டாக்டரம்மா ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. கரகரத்த குரல். மாடிப்படியில் அவரோடு ஏற எங்களுக்கு மூச்சு வாங்கும். கட்டுப் பிரிக்கும் இடுக்கியைச் சரியாகக் கொதிக்க வைக்கவில்லை என்று தெரிந்தால் ஆஸ்பத்திரி வாசல் வரை கேட்கும்படி கத்துவார். மதுரையில் படித்தவர் என்பதால் என்னிடம் தமிழில்தான் பேசுவார். கோபம் வந்தால் மலையாளத்துக்கு மாறிவிடுவார்.

ஒரு நாள் காலை ஜெபத்தில் நான், "ஆண்டவரே, நான் ஒன்றுமில்லாதவன், புழு," என்று உருக்கமாக ஜெபித்தேன். ஊரில் எல்லாரும் அப்படித்தான் ஜெபிப்பார்கள். ஆமென் சொல்லி முடித்ததும் டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

"புழுன்னா கட்டு எப்படிப் போடுவ? நீ நல்லாக் கட்டுப் போடற. இந்தக் கொச்சியில உன் அளவுக்குப் போடறவங்க ரெண்டு மூணு பேர்தான் இருப்பாங்க. அதத் தெரிஞ்சு வெச்சுக்கோ. அப்புறம் மறந்துரு. போய் ஜீப்ல ஏறு."

அவரிடம் எனக்குப் பிடித்தது இதுதான். தன்னைக் குறைத்துப் பேசுவதும் தன்னைப் பற்றிய பேச்சுதான் என்பார்.

வீடுகளுக்குப் போவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். ஜீப்பில் பெயர்ப் பலகை கிடையாது. "மிஷன் வண்டி வாசல்ல நின்னா, உள்ள ஒருத்தர் முடியாமக் கெடக்கறது தெருவுக்கே தெரிஞ்சு போகும். அதத் தெரியப்படுத்த நம்ம யாரு?" என்றார். நாங்கள் தூக்கிப் போகும் நீலப் பையில் மிஷனின் பெயரை உள்பக்கம் அச்சடிக்கச் சொன்னார். கடைக்காரர் தப்பாகச் சொல்கிறார்கள் என்று நினைத்து ஒரு தடவை வெளிப்பக்கம் அடித்துக் கொடுத்துவிட்டார். அத்தனையையும் திருப்பித் தைத்தோம்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "உள்ள வரலாமா?" என்று கேட்க வேண்டும். பதில் வரும் வரை நிற்க வேண்டும். வேண்டாம் என்றால் திரும்பி வந்துவிட வேண்டும், எத்தனை தூரத்திலிருந்து போயிருந்தாலும். நோயாளியின் கட்டிலில் அவர் சொல்லாமல் உட்காரக் கூடாது. உட்காருவதற்குக் குட்டை முக்காலியை நாங்களே கொண்டு போவோம். அதில் உட்கார்ந்தால் நோயாளி எங்களைக் குனிந்துதான் பார்க்க வேண்டியிருக்கும். தொடுவதற்கு முன்னால் தொடப் போகிறேன் என்று சொல்ல வேண்டும். எந்த நாற்றம் அடித்தாலும் மூக்குச் சுளிக்கக் கூடாது. கேட்டால் ஜெபிக்கலாம், கேட்காவிட்டால் மனதுக்குள் ஜெபித்துக்கொண்டு கை வேலையைச் செய்ய வேண்டும். அழுக்குப் பஞ்சையும் துணியையும் பேப்பரில் சுற்றி நாங்களே எடுத்துவந்துவிட வேண்டும்.

இன்னொரு விதியும் இருந்தது. போன வீட்டில் ஒன்றும் வாங்கிக்கொள்ளக் கூடாது. பச்சைத் தண்ணீர்கூட. ஏழை வீடுகளில் நமக்கென்று பால் வாங்கி, சர்க்கரை வாங்கிச் செலவழித்துவிடுவார்கள் என்பது அதற்குக் காரணம். நல்ல காரணம்தான். நாங்கள் எல்லாரும் அந்த விதியைப் பெரிதாக மதித்தோம். வெயிலில் தொண்டை வறண்டு போனாலும், "வேண்டாம் சேச்சி, இப்பத்தான் குடிச்சேன்," என்று சொல்லிவிட்டு இறங்குவோம்.

காதர் இக்கா எங்கள் பிரிவுக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். மட்டாஞ்சேரியில் முஸ்லிம் பெரியவர்களை இக்கா என்று கூப்பிடுவது வழக்கம். பாலக்காட்டுத் தமிழ் ராவுத்தர் குடும்பம். சின்ன வயதில் இங்கே வந்து மிளகுத் தரகராகி, பஜார் ரோட்டில் மதிப்போடு இருந்தவர். அவர் நடுவில் நின்று பேசிவிட்டால் வாங்குகிறவனும் விற்கிறவனும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள் என்று கடைக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். மனைவி இறந்துவிட்டார். பஜார் ரோட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டிடத்தின் மாடியில் மகள் நூர்ஜகானோடு இருந்தார். அவள் வீட்டிலேயே தையல் வேலை செய்தாள். எங்களைக் கூப்பிட்டது அவள்தான்.

சர்க்கரை நோயால் வலது உள்ளங்காலில் புண். உணர்ச்சி போன கால், அதனால் வலி தெரியாது. வலி தெரியாத புண்தான் ஆபத்து. முதல் நாள் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி எந்த ஊரு?"

"நாகர்கோவில் பக்கம் இக்கா."

"அப்ப தமிழ்ல திட்டலாம். மலையாளத்துல திட்டினா எனக்கே ஒரு சுகம் இல்ல."

அவரோடு எனக்கு ஒத்துப்போய்விட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போவேன். தரையில் பாலித்தீன் விரிப்பைப் போட்டு, முக்காலியில் உட்கார்ந்து, அவர் காலை என் முழங்கால்மேல் வைத்துக்கொள்வேன். பழைய கட்டை உப்புத் தண்ணீர் மருந்தால் நன்றாக நனைத்த பிறகுதான் பிரிக்க வேண்டும். காய்ந்த துணியை இழுத்தால் புதிதாக வளர்ந்த சதையும் கூடவே வந்துவிடும். புண்ணின் நடுவிலிருந்து வெளியே பார்த்துத் துடைக்க வேண்டும். விரல் இடுக்குகளைப் பிரித்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அவருக்கு வலி தெரியாது என்பதால், செய்வதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே செய்வேன். "இப்ப ஓரத்தைத் தொடறேன் இக்கா. இப்பத் துணி வெக்கறேன்." கட்டுப் போட்டு முடித்ததும் விரல் நகத்தை அழுத்திவிட்டுப் பார்ப்பேன். வெளுத்த இடத்தில் சட்டென்று ரத்தம் திரும்பினால் கட்டு இறுக்கமில்லை.

நான் எழுந்திருக்கும் நேரத்துக்குச் சரியாக நூர்ஜகான் ஒரு கண்ணாடி டம்ளரில் சுலைமானி கொண்டு வருவாள். பால் இல்லாமல், எலுமிச்சை பிழிந்த சாயா. ஏலக்காய் வாசனை மாடிப்படி வரை வரும்.

"குடிச்சிட்டுப் போங்கண்ணே."

"வேண்டாம்மா, இப்பத்தான் குடிச்சேன்."

ஒவ்வொரு தடவையும் இதுதான். இக்கா டம்ளரை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். இப்படியே ஒரு வருஷம் போயிற்று. புண் பாதியாகச் சுருங்கிவிட்டது.

அப்போது எங்கள் கமிட்டிச் செயலாளராக வர்கீஸ் சார் வந்தார். கட்டிட கான்ட்ராக்டர். கெட்ட மனிதர் அல்ல. ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியைப் பாதி அவரே கட்டிக் கொடுத்தவர். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பெஞ்சு தூக்கிப் போடக் கூச்சப்படமாட்டார். ஆனால் நல்ல காரியம் செய்தால் நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். தெரிந்தால்தான் ஜனங்கள் உதவ வருவார்கள், உதவி வந்தால்தான் இன்னும் பத்து வீட்டுக்குப் போகலாம் என்பது அவர் வாதம். அதைத் தப்பென்று சுலபமாகத் தள்ளிவிட முடியாது.

ஒரு நாள் வேலையைப் பார்க்க வேண்டும் என்று என்னோடு காதர் இக்கா வீட்டுக்கு வந்தார். கேட்டுத்தான் உள்ளே வந்தார். மரியாதையாகத்தான் நின்றார். நான் குனிந்து கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தபோது பின்னால் போனில் படம் எடுக்கும் சத்தம் கேட்டது.

"சார், வேண்டாம்," என்றேன்.

"நமக்குள்ளதான் பிரதரே. ரிப்போர்ட்டுக்கு," என்றார்.

இக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. படியிறங்கும்போது அதை அழித்துவிடச் சொன்னேன். பார்க்கலாம் என்றார்.

மிஷனின் ஆண்டு விழாவுக்கு முந்தின வாரம் பஜார் ரோட்டு முனையில் ஒரு பெரிய ஃபிளெக்ஸ் ஏறியது. நான் தரையில் குனிந்திருக்கிறேன். என் முழங்கால்மேல் இக்காவின் கால். புண் தெரிகிறது. இக்காவின் முகம் பக்கவாட்டில், பனியனோடு, சவரம் செய்யாமல். மேலே ஆளுயர எழுத்தில் மலையாளத்தில், தாழ்மையே எங்கள் ஊழியம் என்று எழுதியிருந்தது. கீழே கமிட்டிக்காரர்களின் படங்கள் வரிசையாக.

அந்த இடத்துக்கு நேர் எதிரேதான் தரகர்கள் சாயா குடிக்கும் கடை. இக்கா நாற்பது வருஷம் உட்கார்ந்த கடை. வீட்டைவிட்டு வெளியே வராத அவருக்கு அங்கிருந்து போன் போயிருக்கிறது. காதருக்கு இந்த நிலைமையா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று பழைய கூட்டாளிகள் துக்கம் விசாரித்திருக்கிறார்கள்.

அடுத்த நாள் நான் போய், "உள்ள வரலாமா?" என்று கேட்டேன்.

"வேண்டா," என்று குரல் மட்டும் வந்தது.

திரும்பி வந்து டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் அதுவரை அந்த ஃபிளெக்ஸைப் பார்த்திருக்கவில்லை. ஜீப்பை எடுக்கச் சொன்னார். பஜார் ரோட்டு முனையில் இறங்கி அண்ணாந்து பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பக்கத்துக் கடையில் ஏணி கேட்டார். டிரைவர் ஏறிக் கயிறுகளை அறுத்தார். ஏணியை டாக்டரம்மா பிடித்துக்கொண்டார். கூட்டம் கூடிவிட்டது. ஒருவன் போனைத் தூக்கிப் படம் பிடித்தான்.

"போனை உள்ள வெக்கு மோனே," என்றார். அவன் வைத்துவிட்டான்.

ஃபிளெக்ஸைப் பாய் மாதிரிச் சுருட்டி ஜீப்பில் போட்டுக்கொண்டு போய் வர்கீஸ் சார் வீட்டு வராந்தாவில் சாத்தி வைத்துவிட்டு, மணியடித்துச் சொல்லிவிட்டு வந்தார். அங்கே என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. நான் ஜீப்பில் இருந்தேன்.

ஆனால் ஃபிளெக்ஸ் இறங்கியதால் மாடிக் கதவு திறந்துவிடவில்லை. நான் போனபோதெல்லாம் அதே பதில், வேண்டா. ஒரு நாள் நூர்ஜகான் படியிறங்கி வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "அண்ணே, காலுல வாசம் வருது. ரெண்டு நாளாக் காய்ச்சல். அத்தா என்னையும் தொட விடல. வேற டாக்டரக் கூப்பிட்டாலும் வேண்டாங்கறார்."

நான் டாக்டரம்மாவைக் கூட்டி வந்தேன். படிக்கட்டின் கீழே நின்று அவர் கேட்டார், "உள்ள வரலாமா?"

"வேண்டா."

எனக்குப் பொறுக்கவில்லை. "டாக்டரம்மா, விதியெல்லாம் அப்புறம் பாக்கலாம். மேல போயிரலாம். ஆளு போயிருவார்."

"அவரு வீடு, செல்வராஜ்," என்றார். அவர் முகம் வெளுத்துப் போயிருந்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்துப் பேசினார்.

"காதர் இக்கா, நான் சாராம்மா. அந்தப் படத்துக்கு நான்தான் பொறுப்பு. மன்னிப்புக் கேக்க வந்தேன்."

மேலே கட்டில் சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது. காய்ச்சல் குரல், ஆனால் தெளிவாக இருந்தது.

"மன்னிப்புக் கேக்கறதுக்கும் போட்டோ உண்டோ?"

"இல்ல. ஆளு மட்டும்தான்."

"டாக்டரே, ஒரு காரியம் கேக்கட்டே. ஒரு வருஷமா இந்தப் பையன் இங்க வர்றான். நல்ல பையன். என் மவ ஒவ்வொரு தடவையும் சுலைமானி போட்டு நீட்டுவா. ஒரு தடவை வாங்கிக் குடிச்சதில்ல. என் வீட்டுத் தண்ணி உங்களுக்கு ஆகாதோ?"

"அது... நாங்க வெச்ச ஒரு விதி இக்கா. யாருக்கும் பாரமாகக் கூடாதுன்னு."

"பாரமா? எப்பவும் நீங்களே கொடுக்கணும், நான் வாங்கிக்கிட்டே இருக்கணும். அப்ப நீங்க மேல, நான் கீழ. அந்த முக்காலி எத்தர குட்டையா இருந்தா என்ன? வாங்கிக்கிட்டே இருக்கறவன் படத்தைத்தானே ரோட்டுல தூக்கி மாட்டுவாங்க?"

கீழ்த்தளத்துக் கிடங்கில் மூட்டை இறக்கும் ஆட்களும் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். டாக்டரம்மா அந்த மரப்படியில், முதல் படியிலேயே, உட்கார்ந்துவிட்டார். யோசிக்கிறார் என்று தெரிந்தது. தன்னுடைய முறைகளில் ஒன்றை வேறொருவர் தப்பென்று சொல்லி அவர் இப்படிக் கேட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்ததே இல்லை.

பிறகு தலையைத் திருப்பிச் சொன்னார்: "நூர்ஜகானே, சாயா உண்டோ?"

அவள் ஓடினாள். இரண்டு டம்ளர் சுலைமானி வந்தது. டாக்டரம்மா சர்க்கரை சேர்க்காதவர். நூர்ஜகான் பதற்றத்தில் சர்க்கரையை அள்ளிப் போட்டிருந்தாள். ஒரு வாய் குடித்ததும் எனக்கே தெரிந்தது. டாக்டரம்மா ஊதி ஊதி முழுவதையும் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்தார். "நல்லா இருக்கு. ஏலக்கா எங்க வாங்கறது?" என்று உண்மையாகவே கேட்டார்.

மேலேயிருந்து பதில் வந்தது. "கடை பேரு அப்புறம் சொல்றேன். மேல வாங்க."

நான் கட்டை நனைத்துப் பிரித்தேன். இரண்டு விரல்கள் கருத்துவிட்டன. உள்ளங்காலில் அழுத்தினால் சீழ். காயத்திலிருந்து கணுக்காலை நோக்கிச் சிவப்பு ஏறியிருந்தது. டாக்டரம்மா முக்காலியைக் கேட்கவில்லை. இக்கா கட்டிலில் இடம் காட்டியதும் அங்கேயே பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இக்கா, நேராச் சொல்றேன். இந்த ரெண்டு விரலும் இனி இல்ல. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனா பாதம் நிக்கும்னு நெனைக்கறேன். நாளைக்குன்னா முழங்கால். அதுக்கப்புறம்னா நான் சொல்ல வேண்டாம்."

"உங்க ஆஸ்பத்திரிக்கா?"

"உங்களுக்கு இஷ்டமான ஆஸ்பத்திரிக்கு. எங்களோடதுதான் வேணும்னு எனக்கொண்ணுமில்ல."

இக்கா எர்ணாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரியைச் சொன்னார். ஜீப்பிலேயே போனோம். தோப்பும்படி பாலத்தில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றபோது நான் அவர் காலை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அங்கே அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர், கட்டு மாற்றாமல் விட்டதற்கு எங்களைப் பிடித்துத் திட்டினார். "கூட வந்தவங்க யாரு? இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" டாக்டரம்மா நினைத்திருந்தால் தன் பெயரை ஒரு தடவை சொல்லி அந்த வாயை அடைத்திருக்கலாம். அந்தப் பையனுக்குப் பாடம் நடத்தியவர்களுக்கே இவர் சீனியர். "தெரிஞ்சவங்க. தாமதமாயிருச்சு டாக்டர்," என்று மட்டும் சொன்னார். ஆபரேஷன் முடியும் வரை, நூர்ஜகானோடு வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு விரல்கள் போயின. பாதம் நின்றது. சில மாதங்களில் இக்கா அதற்கென்று செய்த செருப்பைப் போட்டுக்கொண்டு, தடியூன்றி, பஜார் ரோட்டுச் சாயாக் கடைக்கே போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகும் நல்ல சில வருஷங்கள் இருந்தார்.

வர்கீஸ் சாரை அவர் ஆள் அனுப்பி வீட்டுக்கு வரவழைத்ததையும் சொல்லியாக வேண்டும். நானும் அங்கே இருந்தேன். வர்கீஸ் சார் உள்ளே வரவே தயங்கினார். கையில் டம்ளர் வந்த பிறகுதான் முகத்தை நிமிர்த்தினார்.

"படம் நல்லா வந்திருந்ததுன்னு கடைல சொன்னாங்க," என்றார் இக்கா. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நல்ல ஒரு சட்டை போட்டிருப்பேன் அல்லோ?"

வர்கீஸ் சார் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதன் பிறகு அவர் காலத்தில் எந்த நோயாளியின் படமும் எங்கேயும் ஏறவில்லை.

ஆனால் அது பிற்பாடு நடந்தது. அதற்கு முன்னால் கமிட்டி கூடியது. கேட்காமல் ஃபிளெக்ஸை இறக்கினார், செயலாளரை அவமானப்படுத்தினார் என்று டாக்டரம்மாமேல் புகார். வீட்டுப் பிரிவின் ஆட்கள் சார்பில் நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அவர் எழுந்து நின்று சொன்னார்:

"இறக்கினது தப்பில்ல. உங்ககிட்டச் சொல்லாம இறக்கினது தப்பு. அதுக்கு மன்னிப்புக் கேக்கறேன். இன்னொண்ணு. யார் வீட்டுலயும் ஒண்ணும் வாங்கிக் குடிக்கக் கூடாதுன்னு விதி வெச்சது நான். அது தாழ்மைன்னு நெனச்சேன். பெருமையாயிருந்திருக்கு. இன்னியிலேர்ந்து அது இல்ல."

உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் தன் பக்கத்தை எடுத்துச் சொல்ல அவர் முயலவில்லை.

கமிட்டி ஒரு முடிவு செய்தது. டாக்டர் சாராம்மா டாக்டராகத் தொடரலாம், ஆனால் பிரிவின் பொறுப்பு அவரிடம் இருக்காது. பொறுப்பாளராக என்னைப் போட்டார்கள். நர்ஸ் ஒருவன் டாக்டருக்கு மேலே. நான் அடங்கி நடப்பேன் என்று அவர்கள் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே பள்ளுருத்தியில் அவர் வீட்டுக்குப் போனேன். மீன் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தார். நான் இந்தப் பொறுப்பை ஏற்கப் போவதில்லை, எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

"எதுக்கு?"

"நீங்க உண்டாக்கினது டாக்டரம்மா. உங்களுக்கு மேல நான் எப்படி உக்காருவேன்?"

"மேலயா? ஆபீஸ்ல இருக்கற நாற்காலியெல்லாம் ஒரே உயரம்தானே," என்றார் அடுப்பைப் பார்த்துக்கொண்டே. "உனக்கு வேலை தெரியுமோ தெரியாதோ?"

"தெரியும்."

"நல்லாத் தெரியுமோ?"

"நல்லாவே தெரியும்."

"அப்புறம் என்ன? நீ வேண்டாம்னா வெளியிலேர்ந்து ஒருத்தரைக் கொண்டுவருவாங்க. நோயாளிங்களுக்குத்தான் கஷ்டம். எனக்காக நீ விட்டுக் கொடுத்தேன்னு ஊர்ல நல்ல பேரு கெடைக்கும். அது உனக்கு வேணுமா?"

வேண்டாம் என்றேன். "அப்ப உக்காரு, சாப்பிட்டுப் போ," என்றார். சாப்பிட்டேன். வருத்தம் அவருக்கு இருந்தது. தட்டில் குழம்பு ஊற்றும்போது, "ஜீப்பை மட்டும் நல்லாப் பாத்துக்கோ, கிளட்ச் சரியில்ல," என்று சொன்ன குரலில் அது தெரிந்தது. அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. ஓய்வு பெறும் வரை, ஏழெட்டு வருஷம், பேசவே இல்லை.

திங்கட்கிழமை காலை நான் அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஒவ்வொரு நர்ஸுக்கும் அன்றைக்கு எந்த வீடு என்று பிரித்துக் கொடுப்பது பொறுப்பாளரின் முதல் வேலை. நர்ஸுகள் ஒவ்வொருவராக வந்து வாங்கிப் போனார்கள். வரிசையின் கடைசியில், எல்லாருக்கும் மேலே தலை தெரிய, டாக்டரம்மா நின்றிருந்தார். தோளில் நீலப் பை. எழுந்து நிற்க என் கால்கள் துடித்தன. எழுந்தால் அவருக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். உட்கார்ந்தே இருந்தேன்.

"இன்னைக்கு எனக்கு எந்த வீடு, செல்வராஜ்?"

பக்கத்திலேயே, நடந்து போகும் தூரத்தில், ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு வரவேண்டிய ஒரு வீடு இருந்தது. மரியாதைக்கு அதைக் கொடுத்துவிடலாம் என்று முந்தின நாளே நினைத்து வைத்திருந்தேன். ஆனால் அன்றைக்கு ஒரு டாக்டரின் கை தேவைப்பட்டது வைப்பின் தீவில்தான். படகைவிட்டு இறங்கி, பஸ் பிடித்து, பிறகு ஜீப் போகாத மணல் பாதையில் நடந்து போக வேண்டிய மீன்காரக் குடும்பம். அந்த அம்மாவின் முதுகுப் புண்ணில் செத்த சதையை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது.

"வைப்பின்," என்றேன்.

"ஷெரி," என்றார். முக்காலியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

சாயங்காலம் மணல் ஒட்டிய காலோடு திரும்பி வந்தார். மற்றவர்கள் முடிக்கும் வரை காத்திருந்து, என் மேஜைக்கு முன்னால் நின்று, புண்ணின் நீளம், அகலம், ஆழம், எவ்வளவு வெட்டினார், அந்த வீட்டில் என்ன சாப்பிடக் கொடுத்தார்கள் என்பதையெல்லாம் வரிசையாகச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.